விருந்துமனையின் மொழி



விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். வீட்டிற்குப் புதிதாய் வந்தவரைக் குறித்த அச்சொல், பின்னர் அவருக்குப் படைக்கும் உணவையும் குறித்தது. இன்று விருந்து வீட்டை விட்டு வெளியே சென்றுவிட்டது. பிறந்தநாளா, மணநாளா, தேர்வில் பிள்ளை வெற்றி பெற்றானா, உடனே குடும்பம் முழுவதும் ஓர் உணவகத்திற்குப் புறப்பட்டுவிடுகிறது. உலகெங்கும் பரவியுள்ள இவ்வழக்கம் ஆழ வேரூன்றிய நாடுகளுள் ஒன்று இங்கிலாந்து. அந்நாட்டுச் சிற்றூர்களின் பொதுமனைகளும் விடுதிகளும் குடும்ப விருந்துக்கு உரிய இடங்களானது எவ்வாறு? அங்கே எளிய குடும்பம் ஒன்று தலைநிமிர்ந்து உட்காரத் தடையாக நின்றவை எவை? அவை நீங்கியது எவ்வாறு? இவையே இன்றைய பொழிவின் பொருள். அயலார் வீட்டுச் சோற்றுக் கதை தமிழர்க்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். கதையைக் கேட்டு முடித்தால் விடை தானே விளங்கும்.

ஆங்கிலேயர் 'பப்' என்று சுருக்கி வழங்குவது 'பப்ளிக் அவுசு' என்னும் தொடரையே. தமிழில் அது பொதுமனை. 'இன்' என்று அவர்கள் வழங்கும் மற்றொரு சொல் பழைய ஆங்கிலச் சொல். உறைவிடம் என்பது அதன் பொருள். 'ஓட்டல்' என்பதோ பிரெஞ்சுச் சொல். விடுதி என்னும் பொருளில் அது ஆங்கிலத்துள் புகுந்தது 18ஆம் நூற்றாண்டில். 'ரெசுட்டாரண்டு' என்பதும் பிரெஞ்சே. அது 19ஆம் நூற்றாண்டில் வந்தது. உணவுப்பட்டியைக் குறிக்கும் 'மெனு' என்பதும் பிரெஞ்சே. உழவனும் வண்டிக்காரனும் இளைப்பாறிய மனைக்கு ஊர்ப்பெயர். செல்வர் தங்கிய மாளிகைக்கு அயற்பெயர். இந்தப் பெயர் வேற்றுமையைச் செவியில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இம்மனைகள் முதற்கண் குடிமனைகளே என்பதை மறைக்க வேண்டுவதில்லை. குடி அந்நாட்டிலும் எண்ணற்ற குடும்பங்களைக் கெடுத்தது, கெடுக்கிறது. அதைப் போற்றுவது இப்பொழிவின் நோக்கமன்று. அதே கூரையின் கீழ்க் குடும்பம் கூடி உண்ணும் உணவைப் பற்றியதே இப்பேச்சு.

பொதுமனையின் வாயிலில் ஒரு பலகை தொங்கும். மன்னர் இரண்டாம் இரிச்சர்டு காலத்தில், 1393இல், ஏல் என்னும் பீர் வகையைக் காய்ச்சி விற்போர் தம் வாயிலில் அடையாளம் ஒன்றைத் தொங்கவிட வேண்டும் என்னும் ஆணை பிறந்தது எனப் பொதுமனை வரலாறு கூறும். செவ்வரிமா, வெண்கலைமான், கலப்பை, மணி என்று பலகைதோறும் ஒரு படம். வெண்கலைமான் அம்மன்னரின் சின்னம். 'அரச மரவகம்' போலத் தோன்றும் 'இராயல் ஓக்' என்னும் பெயர், 1651இல் ஊசுட்டர்ப் போரில் தோற்ற இரண்டாம் சார்லசு ஓக் மரத்தில் ஏறி ஒளிந்து உயிர் தப்பியதை நினைவூட்டுவது. எழுத்தறியாத உழவனும் படத்தைக் கண்டு தன் மனையை அறிந்தான். வாயிற்பலகை எல்லார்க்கும் விளங்கும் மொழியில் பேசியது. உள்ளே உணவு மேடைக்குச் சென்றபோதுதான் தொல்லை தொடங்கியது.

அம்மனைகளில் குடும்பங்கள் கூடும் நாள்கள் எவை? ஞாயிற்றுக்கிழமை நண்பகல் முதலாவது. நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சி, ஆட்டுக்குட்டி இறைச்சி, பன்றி இறைச்சி ஆகியவற்றுள் ஒன்று, கொழுப்பில் வாட்டிய உருளைக்கிழங்கு, வேகவைத்த காய்கள், மேலே ஊற்ற இறைச்சிச் சாறு. மாட்டிறைச்சிக்குத் துணையாக மாவும் முட்டையும் பாலும் கரைத்துச் சூடான கொழுப்பில் வார்த்துப் பொங்க வைத்த யார்க்குசயர்ப் புட்டிங்கு. ஆட்டுக்குட்டி இறைச்சிக்குப் புதினாத் துவையல் போன்ற ஒரு குழம்பு. பன்றி இறைச்சிக்கு ஆப்பிள் கூழ். இதுவே அவர்களின் ஞாயிற்று விருந்து.

குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்த அன்றும், மணம் முடித்து ஐம்பது ஆண்டு நிறைந்த அன்றும், இறந்தவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்றும் சுற்றத்தார் அங்கே கூடுவர். நோன்புக் காலத்தின் நான்காம் ஞாயிறு அன்னையர் ஞாயிறு. பெருமனைகளில் ஏவல் செய்த சிறுமியர் அன்று விடுப்புப் பெற்றுத் தாயைக் காணச் செல்வது பழைய வழக்கம். மங்கியிருந்த அவ்வழக்கத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீட்டெடுக்க உழைத்தவர் கான்சுடன்சு பென்சுவிக் சுமித் என்னும் அம்மையார். இன்று அந்நாளில் தாயை அடுக்களையிலிருந்து விடுவித்து ஊர்ப் பொதுமனைக்கு அழைத்துச் சென்று உண்பிக்கிறார்கள். ஓராண்டில் அம்மனைகள் நிரம்பி வழியும் நாள்களுள் அது ஒன்று.

இனி அந்த உணவு மேடைமேல் உள்ள சொற்களைப் பாருங்கள்.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். ஆண்டவர் நாவில் பிரெஞ்சு. ஆளப்பட்டவர் நாவில் ஆங்கிலம். தொழுவத்தில் நிற்கும் வரை அது 'ஆக்சு'. உணவு மேடைக்கு வந்தால் 'பீப்'. கன்று 'காப்', அதன் இறைச்சி 'வீல்'. ஆடு 'சீப்', அதன் இறைச்சி 'மட்டன்'. பன்றி 'பிக்', அதன் இறைச்சி 'போர்க்'. உயிரோடு நின்றபோது ஆங்கிலம். வெந்து தட்டில் கிடந்தபோது பிரெஞ்சு. மேய்த்தவன் மொழி ஒன்று, தின்றவன் மொழி மற்றொன்று. 1819இல் வெளிவந்த 'ஐவன்கோ' புதினத்தில் வால்டர் இசுகாட் இதை ஒரு கோமாளியின் வாயில் வைத்துச் சொல்லி, உலகறியச் செய்தார். இவ்வேறுபாடு ஒரே நாளில் இறுகிவிடவில்லை. பல நூற்றாண்டு வழக்கில்தான் நிலைத்தது. ஆயினும் அடிமைத்தனம் ஒரு மக்களின் அடுக்களை வரை சென்று படிந்ததற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இதை முறிக்க ஒரு பெண் எழுதினார். அன்னா கிளாசு என்பது அவர் பெயர். வாழ்ந்த காலம் 1708 முதல் 1770 வரை. 1747இல் அவர் வெளியிட்ட சமையற்கலை நூலின் முகப்பில் தம் பெயரைக்கூட இடவில்லை. 'ஒரு பெண்மணி' என்றே குறித்தார். பெருவீடுகளில் ஏவல் செய்த எளிய பெண்கள் தாமே படித்துச் சமைக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆகவே உயர்ந்தோர் நடையைத் தவிர்த்தார். கோழியின் சதைக்குள் செருகும் பன்றி இறைச்சிக்குப் பிரெஞ்சுச் சமையற்காரர் ஒரு கலைச்சொல் வைத்திருந்தனர். அதைச் சொன்னால் அப்பெண்களுக்கு விளங்காது. சிறு துண்டு என்று சொன்னால் விளங்கும் என்று முன்னுரையிலேயே காரணம் காட்டினார். வீண்செலவு மிகுந்த பிரெஞ்சுச் சமையல் மீது செல்வர் கொண்ட மயக்கத்தையும் கடிந்தார். யார்க்குசயர்ப் புட்டிங்கை அப்பெயரிட்டே எழுதி வைத்தார். அந்நூல் ஒரு நூற்றாண்டு அளவும் மீண்டும் மீண்டும் அச்சேறியது. எழுதியவர் கடனில் மூழ்கிச் சிறை சென்றார். நூலோ வீடுதோறும் சென்றது. விளங்கும் மொழிக்கு உள்ள ஆற்றல் அது.

ஆயினும் அயல்மொழி மயக்கம் மீண்டும் தலைதூக்கியது. 1889இல் இலண்டனில் சேவாய் என்னும் பெருவிடுதி திறக்கப்பட்டது. சேசர் இரிட்சு அதனை நடத்த, 1890 முதல் அதன் அடுக்களையை ஆண்டவர் எசுக்கோபியர் என்னும் பிரெஞ்சுச் சமையல் வல்லுநர். அவர் பெரும் கலைஞர், ஐயமில்லை. ஆனால் அவரைப் பின்பற்றிய விடுதிகள் அவர் கைத்திறனைப் பின்பற்றவில்லை. அவர் மொழியைப் பின்பற்றின. அரண்மனை விருந்தின் உணவுப்பட்டி பிரெஞ்சில் எழுதப்படும் மரபு இருந்தது. மன்னன் மேடைக்கு அம்மொழி என்றால் விடுதிக்காரனுக்கும் அம்மொழியே பெருமை! நாட்டுப்புற விடுதிகளிலும் வேகவைத்த கிழங்கு பிரெஞ்சுப் பெயர் பூண்டு நின்றது.

அப்போது என்ன நேர்ந்தது? ஆண்டு முழுதும் உழைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்த பணத்தோடு தொழிலாளி ஒருவன் தன் மனைவியின் பிறந்தநாளுக்காக விடுதிக்குள் நுழைகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லாடை உடுத்த மனைவியும் பிள்ளைகளும் உடன் இருக்கிறார்கள். பணியாளர் அட்டையை நீட்டுகிறார். அவனுக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. கேட்கவோ நாணம், கேளாமல் விரலை வைத்துக் காட்டினால் எது வருமோ, எவ்வளவு ஆகுமோ என்னும் அச்சம். மனைவியின் முன்னும் மக்களின் முன்னும் அவன் குறுகிப் போகிறான். பசியினால் வந்த குறுகல் அன்று. பணமின்மையால் வந்ததும் அன்று. தன் நாட்டில், தன் பணத்தில், தன் குடும்பவிழாவில், தனக்கு விளங்காத மொழி அவனைக் குறுக வைத்தது. அத்தகைய விருந்து இனிக்குமா?

இரண்டாம் உலகப் போர் அந்நாட்டு உணவை மேலும் சீரழித்தது. உணவகத்தில் ஒரு வேளை உணவுக்கு ஐந்து சில்லிங்குக்கு மேல் வாங்கலாகாது என 1942இல் இட்ட கட்டுப்பாடு 1950 வரை நீடித்தது. இறைச்சிப் பங்கீடு 1954இல்தான் ஒழிந்தது. விடுதிகளில் கெட்டுப்போன சமையலைக் கண்டு மனம் நொந்த இரேமண்டு போசுகேட்டு என்பார், உணவுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்க ஒரு கழகம் வேண்டும் என்று நகையாடி எழுதினார். நகையாட்டோடு நில்லாமல், 1951இல் நல்லுணவு வழிகாட்டி நூல் ஒன்றையும் வெளியிட்டார். பொதுமக்களே கைப்பணம் கொடுத்து உண்டு, கூலி வாங்காமல் எழுதி அனுப்பிய குறிப்புகளால் ஆன நூல் அது. உண்பவன் வாய் திறந்தான். விடுதிக்காரன் செவி சாய்த்தான்.

அடுத்த திருப்பம் 1955இல் பிரிசுட்டல் நகரில் நேர்ந்தது. இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த பெர்னி உடன்பிறந்தார் இருவர், அங்கிருந்த 'இரம்மர்' என்னும் பழைய மனையில் புதுமுறை உணவகம் ஒன்றைத் தொடங்கினர். உணவுப்பட்டி மிகச் சிறியது. வாட்டிய மாட்டிறைச்சித் துண்டு, உருளைக்கிழங்கு வறுவல், பட்டாணி, வெண்ணெயோடு உருண்டை உரொட்டி, முடிவில் பாலடைக்கட்டியோ பனிக்கூழோ. எல்லாம் சேர்த்து ஒரே விலை. உட்காரும் முன்னரே தெரிந்த விலை. எதைக் கேட்பது, எவ்வளவு ஆகும் என்னும் இரண்டு அச்சமும் ஒரே நாளில் ஒழிந்தன. அதுவரை வெளியே உண்டறியாத குடும்பங்கள் பிறந்தநாளுக்கும் மணநாளுக்கும் அங்கே திரண்டன. 1970இல் அந்நிறுவனம் கைமாறியபோது அதற்கு நூற்றுக்கு மேற்பட்ட மனைகள் இருந்தன. நுண்சுவையாளர் சிலர் அவ்வுணவை எள்ளினர். எள்ளட்டும். எளியவனை நாணாமல் உட்கார வைத்தவர் யார் என்பதே கேள்வி. அதைச் செய்தவர்கள் அயல்நாட்டு வழியினர் என்பதையும் மறவாதீர்கள். மொழியைக் கெடுப்பவன் எப்போதும் அயலானும் அல்லன். காப்பவன் எப்போதும் உள்ளூரானும் அல்லன்.

இவ்விடத்தில் மற்றொரு ஆங்கிலேயரை நினைக்க வேண்டும். தார்செட்டு நாட்டுப்புறத்தில் பள்ளியாசிரியராகவும் பின்னர்த் திருச்சபைத் தொண்டராகவும் வாழ்ந்த வில்லியம் பார்ன்சு (1801–1886). ஆங்கிலத்தில் கலந்த இலத்தீன, பிரெஞ்சுச் சொற்களை நீக்கி ஆங்கில வேரிலிருந்தே சொல் ஆக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் உழைத்தவர். 1878இல் ஆங்கில இலக்கணத்தையே தூய ஆங்கிலச் சொற்களால் எழுதினார். பேருந்து வண்டிக்கு மக்கள்வண்டி என்றும், ஒளிப்படத்திற்குக் கதிரவன் அச்சு என்றும் பொருள்படும் சொற்களை ஆக்கினார். அழகிய சொற்கள்; ஆனால் பெரும்பாலானவை நூலோடு நின்றன. வண்டிக்காரன் வண்டியில் எழுதவில்லை. கடைக்காரன் பலகையில் எழுதவில்லை. அன்னா கிளாசின் சொற்களோ அடுப்படியில் வழங்கியதால் வாழ்ந்தன. நல்ல சொல்லுக்கும் இருக்கை வேண்டும். அது புலவன் ஏட்டில் பிறக்கலாம். மக்கள் கூடும் இடத்தில்தான் வளரும்.

மொழித்தடை நீங்கிய பின்னும் பொதுமனை முழுப்பொதுவாகிவிடவில்லை. 1908ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் 14 அகவைக்கு உட்பட்டோரைக் குடியறைக்குள் விடலாகாது என்றது. நல்ல நோக்கமே. ஆனால் பெற்றோர் உள்ளே இருக்க, பிள்ளைகள் வெளியே எலுமிச்சைப் பருகத்தோடும் கிழங்கு வறுவல் பொட்டலத்தோடும் காத்துக் கிடந்தனர். 1967இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரை மூச்சுக் கருவியால் ஆய்ந்து ஒறுக்கும் சட்டம் வந்தது. ஊர்தியில் வந்து குடித்துச் செல்வோரை நம்பியிருந்த நாட்டுப்புற மனைகள், உணவை நோக்கித் திரும்ப இதுவும் ஒரு காரணமாயிற்று. 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின், பெரியோருடன் பிள்ளைகள் வருவது எளிதாயிற்று. 2007 சூலை முதல் நாளோடு உள்ளறைகளில் புகைபிடித்தல் ஒழிந்தது. பாட்டியும் பேரனும் ஒரே மேடையில் அமர்ந்து மூச்சுத் திணறாமல் உண்ணும் நிலை இப்படித்தான் வந்தது.

1991இல் இலண்டனில் கழுகு எனப் பொருள்படும் 'ஈகிள்' என்னும் பழைய மனையை இருவர் எடுத்து நடத்தினர். அச்சிட்ட அட்டையை விடுத்து, அன்றன்று சமைத்ததை அன்றன்று கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதினர். இம்முறை நாட்டுப்புறமெங்கும் பரவியது. இன்று பல சிற்றூர் மனைகளில் இறைச்சி எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, பாலடைக்கட்டி எந்த ஊரில் ஆனது என்பதும் பலகையில் இருக்கும். ஆனால் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். சில மனைகளில் பலகையில் எளிமை ஏறியபோதே விலையும் ஏறிவிட்டது. நகரத்துச் செல்வர் காரில் வந்து உண்ண, ஊரார் எட்டிப் பார்த்துச் செல்கின்றனர். மொழி திறந்த கதவை விலை அடைக்குமானால் அது பொதுமனை ஆகாது.

அம்மனைகள் இன்று அருகியும் வருகின்றன. 1980இல் பிரித்தானியா முழுவதும் ஏறத்தாழ 69,000 இருந்தன. 2024இல் ஏறத்தாழ 45,000. வரியும் வாடகையும் எரிபொருள் விலையும் ஒருபுறம். கடையில் மலிவாக வாங்கி வீட்டில் குடிக்கும் பழக்கம் மறுபுறம். சிற்றூர் மனை ஒன்று மூடப்பட்டால் ஊரார் திருமுழுக்குக்கும் மணநாளுக்கும் கூடிய இடம் போகிறது. இதை உணர்ந்த சில ஊர்கள் கைகட்டி நிற்கவில்லை. கம்பிரியாவில் எசுக்கட்டு நியூமார்க்கட்டு என்னும் சிற்றூரில் 'பழைய மணிமுடி' எனப் பொருள்படும் பெயருடைய மனையை 2003இல் நூற்றுக்கு மேற்பட்டோர் பங்கிட்டு வாங்கிக் கூட்டுறவு மனையாக்கினர். பிரித்தானியாவில் கூட்டுறவு முறையில் மக்கள் வாங்கிய முதற் பொதுமனை அது. பின்னர் 2011இல் வந்த சட்டம், இத்தகைய ஊர்ச்சொத்து விற்பனைக்கு வந்தால் அதை வாங்க முயலும் காலத்தை ஊரார்க்கு வழங்கியது. பொது என்னும் சொல் வாயிலில் மட்டும் இருந்தது. இப்போது உரிமையாவணத்திலும் ஏறியது.

தமிழர்க்கு இதனால் ஆவதென்ன என்னும் வினாவுக்கு இப்போது வருவோம். அன்னா கிளாசின் 1747ஆம் ஆண்டு நூலில் 'கறி' ஆக்கும் முறை ஒன்று உண்டு. 'கறி' என்னும் தமிழ்ச் சொல்லே போர்த்துகேசியர் வழியாகச் சென்று ஆங்கிலத்தில் நிலைத்தது. 'மிளகுத் தண்ணீர்' என்பது 'மல்லிகதானி' என உருமாறி ஆங்கிலேயரின் விடுதி மேடைகளில் ஒரு சாறாக நின்றது. இன்று இங்கிலாந்தின் எத்தனையோ பொதுமனைகள் கிழமையில் ஒருநாள் கறியிரவு நடத்துகின்றன. ஆங்கிலேயன் அச்சொற்களைத் தன் நாவுக்கேற்பத் திரித்துத் தன் எழுத்தில் எழுதிக்கொண்டான். தன் மக்களுக்கு விளங்க வேண்டும் என்பதில் அவன் தெளிவாக இருந்தான்.

இங்கே நடப்பது என்ன? அதே கறியை ஆங்கில எழுத்தில் அச்சிட்டுத் தமிழன் கையில் நீட்டும் உணவகங்கள் தமிழ்நாட்டு நகரங்களில் எத்தனை! எண்பது அகவை நிறைந்த பாட்டிக்கு மக்களும் பேரன்மாரும் விழா எடுக்கிறார்கள். பாட்டியை நடுவில் அமர்த்தி, பாட்டிக்குத் தெரியாத மொழியில் அட்டையைக் கொடுக்கிறார்கள். பேரன் படித்துச் சொல்ல, பாட்டி தலையசைக்கிறாள். விழா யாருக்கு? மேய்த்தவன் மொழி வேறு, தின்பவன் மொழி வேறு என்று ஆங்கிலேயன் பட்ட இழிவைத் தமிழன் தானே விரும்பி வாங்கிக்கொள்வதா?

ஆங்கிலம் அறியாமை இழிவன்று. பிறநாட்டு உணவை உண்பதும் குற்றமன்று. உண்ணும் உணவின் பெயரும் விலையும் உண்பவனுக்கு அவன் மொழியில் விளங்க வேண்டும். இது வாங்குபவனின் உரிமை. உணவகத்திற்குச் செல்வோர் தமிழ்ப்பட்டி கேளுங்கள். இல்லையென்றால் அமைதியாக, ஆனால் தவறாமல், அடுத்த முறையும் கேளுங்கள். உணவகம் நடத்துவோர் அட்டை அச்சிடப் பொருளில்லை என்றால் ஒரு கரும்பலகையும் வெண்கட்டியும் போதும். புலவர்கள் புதுச்சொல் ஆக்கினால் நூலில் இட்டு மூடாமல் அப்பலகைக்குக் கொண்டு சென்று கொடுங்கள். பார்ன்சின் சொற்களுக்கு நேர்ந்தது தமிழ்ச் சொற்களுக்கு நேர வேண்டா.

விருந்தின் முதற்சுவை மதிப்பு. அட்டையைக் கையில் வாங்கிய பாட்டி தானே படித்து, தானே தேர்ந்து, தனக்கு வேண்டியதைத் தன் வாயால் கேட்கும் நாளில் தமிழர் விருந்து முழு விருந்தாகும்.

வாழ்க தமிழ்!